இறங்கச் சொல்லித்தராத தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உன்மேல் உள்ள கோபத்தைக் கீழே எழுதுகிறேன்.

என் மகன் என் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து தூக்கிக்கொண்டு போவாராம். இதற்குக் காரணம் நீ. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முட்டிவலிக்குப் போனபோது டாக்டரம்மா, "நடக்குறதக் குறைங்க, சைக்கிள் மிதிக்கிறது முட்டிக்கு நல்லதுதான்" என்றார். அவர் சொன்னது ஓரிடத்தில் நிற்கிற சைக்கிளை என்கிறான் மகன். போகாத சைக்கிளை மிதித்து நான் எங்கே போக? ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் தெரு ஓய்ந்திருக்கும். நாலு சுற்றுச் சுற்றினால் தூக்கம் வரும், சர்க்கரையும் குறைந்திருக்கிறது. எனக்கு ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும், திரும்பத் தெரியும், இறங்கத்தான் தெரியாது. தையல்காரர் கடை வாசலில் இருந்த கல்லில் இடதுகாலை ஊன்றித்தான் இத்தனை வருஷமும் இறங்கினேன். போன செவ்வாய்க்கிழமை சாக்கடை தோண்ட வந்தவர்கள் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருட்டில் கிட்டே போய்ப் பார்க்கிறேன், கல் இருந்த இடத்தில் பள்ளம். மெதுவாகப் போய் யோசிக்கலாம் என்றால் டைனமோ விளக்கு அணைகிறது. வேகமாகப் போனால் யோசனை வரவில்லை. தையல்காரர் தலையை நீட்டி, "என்ன பாட்டி, இன்னைக்கு ஒரு சுத்து கூடப் போல" என்றார். "கல்லு எங்கய்யா" என்று கேட்பதற்குள் கடையைத் தாண்டிவிட்டேன். பதிலை அடுத்த சுற்றில் வந்து வாங்கிக்கொண்டேன். அதற்குள் மருமகள் பார்த்துச் சத்தம் போட, மகன் எச்சில் கையோடு ஓடி வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று பின்னாலேயே ஓடி, ஒருவழியாக நிறுத்தினான். தெருவே பார்த்தது. விடிந்ததும் சங்கிலி.

இனி உன் பங்குக்கு வருகிறேன். நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்காது. நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய், என் படிப்பை அதற்கு முன்னாலேயே நிறுத்தியாகிவிட்டது. வாடகை சைக்கிள் எடுத்து வந்து என்னை உட்காரவைத்தாய். கேரியரைப் பிடித்துக்கொண்டு, "நேரா பாருக்கா, நான் பிடிச்சிருக்கேன்" என்று பின்னால் ஓடி வந்தாய். பாவாடை படபடவென்று அடித்துக்கொண்டது. என்னைப் பாதியில் நிறுத்திய பள்ளிக்கூடத்து மதில், மாவு மில், அடிபம்பு எல்லாம் பின்னால் போயின. அதற்கப்புறம் எத்தனையோ ஊருக்கு எதிலெதிலோ போயிருக்கிறேன், அன்றுபோல எங்கும் போனதில்லை. அந்த நேரம் பார்த்து உன் கூட்டாளிகள் பந்தோடு வந்தார்கள், நீ கையை விட்டுவிட்டு ஓடினாய். "டேய், எப்படிடா இறங்குறது" என்று கத்துகிறேன், "நாளைக்குச் சொல்றேன்க்கா" என்றாய். சலவைக்காரர் காயப்போட்ட போர்வைக்குள் புகுந்து கொடியோடு விழுந்தேன். அன்று அடிபட்ட முட்டிதான் இன்று வலிக்கிற முட்டி. நீ சொன்ன நாளை இன்னும் வரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் புறப்பட்டு வா. வந்து, "தப்பு அம்மாமேல இல்லப்பா, என்மேல" என்று அவனிடம் சொல். மாமா சொன்னால் கேட்பான். சைக்கிள் போய்விட்டால், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்தான் எனக்குப் போக்குவரத்து.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். "இந்த வயசுல சைக்கிளா" என்று கல்யாண வீட்டில் சிரித்தாளே, அந்த உன் மனைவிக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் ஏறியே இருக்கும் உன் அக்கா

பின்குறிப்பு: வர வேண்டாம். இதை மடிக்கும்போது மகன் வந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டான். டாக்டரம்மாவைப் போய்க் கேட்டானாம், தெருவில் போகிற சைக்கிளைத்தான் சொன்னாராம். இரும்புக்காரருக்கும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் இறங்கக் கற்றுக்கொள்கிற வரைக்கும் தினமும் ராத்திரி அவன் பின்னால் ஓடி வருவானாம். உனக்கு மட்டும் சொல்கிறேன், பால்காரர் வீட்டுப் படியும் அந்தக் கல்லின் உயரம்தான். கல் போன அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரியே, அவன் கேரியரைப் பிடித்து ஓடி வந்தபோது, அதில் ஊன்றத்தான் காலை நீட்டினேன். அப்போது பின்னாலிருந்து, "நேரா பாரும்மா, நான் பிடிச்சிருக்கேன்" என்றான். காலை இழுத்துக்கொண்டேன். இறங்குவது எனக்குச் சீக்கிரம் வராது என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.