டவுட்டும் மூன்று டிரான்சிஸ்டர்களும்

திண்டிவனத்தில் தன் கண்ணையே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது டவுட்டுதான். மோட்டார், போர்டு எல்லாம் பழுது பார்ப்பவர். சொந்தப் பெயரைக் கேட்டால், "ஆதார்ல ஒண்ணு போட்டிருக்கான், சரியா தப்பா தெரியலீங்க" என்பார். விழுப்புரம் என்று பலகை மாட்டிய பஸ்ஸில் ஏறி, டிரைவர், கண்டக்டர், ஜன்னலோரம் இருப்பவர் எல்லாரிடமும் விழுப்புரம் போகுமா என்று கேட்டு முடிப்பதற்குள் பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டிவிடும்.

அவரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தது என் அக்கா ஸ்டெல்லாவின் பேட்டரி சக்கர நாற்காலியால். அக்கா கணக்கு டீச்சர். சின்ன வயதிலிருந்தே நடக்க முடியாது. கெடார் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாகத் திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டதும் நாற்காலி தானாகக் கிளம்பியது. லீவரை விட்டும் நிற்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் காய்ந்த மல்லாட்டைக் கடலையை உழுதுகொண்டு போய், மாட்டுத் தொட்டியில் முட்டி நின்றது.

"காலிங் பெல் வேலை செய்யுதே டீச்சர்" என்றபடி அந்த வீட்டம்மா வெளியே வந்தார்.

விழுப்புரம் ரிப்பேர் கடைக்காரர், மோட்டாருக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர் போச்சு என்று புதிது போட்டார். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடி, மறுபடி தறிகெட்டது. இன்னொன்று போட்டார். அதுவும் போனது.

"நான் தள்ளிக்கினு வர்றேன்க்கா" என்றேன்.

"மொத நாளே என்னை ஒருத்தர் தள்ளிக்கினு வந்தா, புள்ளைங்க என்னைப் பாக்குமா, தள்றவங்கள பாக்குமா?" என்றாள்.

சனிக்கிழமை காலை அக்காவையும் நாற்காலியையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றித் திண்டிவனம் போனோம்.

டவுட்டு மீட்டரை எடுத்தார். முதலில் அதை இன்னொரு மீட்டரால் சோதித்தார். அந்த இன்னொன்றை எதால் சோதிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகுதான் டிரான்சிஸ்டரின் கால்களில் மீட்டர் ஒயரின் முள்ளை வைத்தார். மீட்டர் பீப்பென்று கத்தியது.

"உள்ள ஒட்டிக்கிச்சு. அதான் சுவிட்ச் போட்டதும் மோட்டாருக்கு கரண்ட் போய்க்கினே இருக்கு."

"புதுசு மாத்திடலாமா அண்ணே?" என்றாள் அக்கா.

"மூணு பேரு வரிசையா செத்திருக்காங்க டீச்சர். நாலாவது ஆளை எப்படி அனுப்பறது? உள்ள யாரோ கொல்றாங்க."

பேட்டரியைச் சந்தேகப்பட்டார். மோட்டாரைச் சந்தேகப்பட்டார். மூக்குக்கண்ணாடி வழியாக என்னையும் ஒரு தரம் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டி, மோட்டாருக்குக் குறுக்கே இருந்த, சுண்டுவிரல் நகம் அளவு டையோடைக் கழற்றி முள்ளை இப்படியும் அப்படியும் வைத்தார். மீட்டர் வாயே திறக்கவில்லை.

"மோட்டார் சும்மா நிக்காதுங்க. ஒவ்வொரு தரமும் கரண்ட்டைக் கட் பண்ணா திருப்பி ஒரு உதை விடும். அதை வாங்கிக்க வேண்டியது இந்த டையோடு. இது உள்ள அறுந்து செத்துப்போய்க் கெடக்கு. அந்த உதை பூரா டிரான்சிஸ்டருக்கு."

இரண்டையும் மாற்றினார். தானே நாற்காலியில் உட்கார்ந்து, பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தித் தெருவைப் பதினேழு சுற்று சுற்றினார்.

"காலுக்கு என்னாச்சு?" என்று ஒருவர் பதறிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குன்னு நெனைக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை பள்ளி கேட்டில் டவுட்டு நின்றிருந்தார். கையில் மீட்டர், சட்டைப்பையில் நாலு புது டிரான்சிஸ்டர்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் டீச்சர்."

அக்கா லீவரைத் தள்ளி, ஓரமாக ஒதுங்கிய பிள்ளைகள் நடுவே தனியாகப் போனாள். கொடிக்கம்பத்தருகே நிறுத்தினாள். நின்றது. திரும்பிக் கை காட்டினாள். டவுட்டு மீட்டரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பதிலுக்குக் கை காட்டினார்.

"இந்தப் பக்கம் என்ன வேலைண்ணே?" என்று கேட்டேன்.

"ஆயிடுச்சுங்க" என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.