நூற்றைம்பத்துமூன்று பெரிய மீன்கள்

அந்த வருடம் எங்கள் கரையில் மீன் பிடித்தவர்களைவிட மீன் எண்ணியவர்களே அதிகம். வெள்ளைக்காரன் திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தைக் காலிசெய்துகொண்டு போய் மூன்று நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அவன் இருந்த காலத்தில்கூட இந்தக் கரை இத்தனை கூட்டத்தைக் கண்டதில்லை. கப்பல்துறையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். சல்லி ஊர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார்கள். எல்லாருக்கும் அவுறாம்பிள்ளை உபதேசியாரின் வாயிலிருந்து ஓர் எண் வேண்டும்.

உபதேசியார் மன்னார்ப் பக்கத்து ஆளாம். அது அவரே சொன்னது. கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கக்கத்தில் வேதப்புத்தகம். எங்கள் பங்குச் சுவாமியார் காய்ச்சலோடு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே இவர் பஸ்ஸால் இறங்கினார்.

வேதத்தில் ஓர் எண்ணும் சும்மா வராது என்பது அவருடைய உபதேசம். மூன்று என்றால் திரித்துவம். ஏழு நிறைவு. பன்னிரண்டு அப்போஸ்தலர். நாற்பது சோதனை. இதுவரைக்கும் நாங்களும் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். அவர் அங்கே நிற்கவில்லை. சைக்கிள் லைசன் இலக்கத்துக்கும் பொருள் சொன்னார், அரிசிக் கூப்பன் இலக்கத்துக்கும் பொருள் சொன்னார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு சட்டையில் குத்தும் வேலை வில்லையின் இலக்கம் பதின்மூன்று. "கடைசி இராப்போசனத்தில் பதின்மூன்றாவது ஆள் ஆர்?" என்று உபதேசியார் கேட்டார். அந்த மனுசன் பயந்துபோய் ஒரு கிழமை முழுக்க வேலைக்குப் போகவில்லை. யூதாசுக்காவது முப்பது காசு கிடைத்தது. இவருக்கு அதுவுமில்லை.

ஆனாலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எண் நூற்றைம்பத்துமூன்று. உயிர்த்த ஆண்டவர் சொன்ன பக்கம் பேதுரு வலை போட்டபோது நூற்றைம்பத்துமூன்று பெரிய மீன் பட்டது, வலையும் கிழியவில்லை என்று வேதத்தில் இருக்கிறது. எங்கள் கரைவலை கரையேறுவதற்கு முன்பே உபதேசியார் கண்ணை மூடி, "நூற்றைம்பத்துமூன்று!" என்பார். பன்னிரண்டு பேர் குந்தியிருந்து எண்ணுவார்கள். இது பெரிய மீன், இது சின்ன மீன் என்று அவர் கைகாட்டக் காட்ட எண்ணி முடித்தால், அச்சொட்டாக நூற்றைம்பத்துமூன்று! சனம் மணலில் முழங்காலில் விழும். எண்ணிக்கையில் சேராத 'சின்ன மீன்கள்' உபதேசியாருடைய குசினி அடுப்புக்குப் போகும்.

பேதுருவின் வலை கிழியாத வலை அல்லவா? ஆகையால் ஒட்டுப்போட்ட வலையெல்லாம் சாபம் பிடித்தது என்று அடுத்த உபதேசம் வந்தது. அதை நாற்பது பாக ஆழத்தில் அமிழ்த்த வேண்டுமாம். உபதேசியாரும் அவருடைய மச்சானும் தோணியில் ஏற்றிப்போய்த் தங்கள் கையாலேயே அமிழ்த்துவார்களாம். எவ்வளவு சிரமம் பாருங்கள், பாவம். இப்படி மூன்று வலை போய்விட்டது. முதலாவது இக்னேசியஸுடைய வலை. நாலாவதாக யோசேப்பின் முறை வந்தது.

யோசேப்பின் மனைவி றோஸ். கரையில் வலை கிழிந்தால் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். சிவப்பு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுப் பொத்துவாள். அந்தக் குடும்பத்தின் ஒரே சொத்து வலைதான். அது போனால் அடுத்த நாள் அடுப்பெரியாது.

"இஞ்சருங்கோ, வலையைக் குடுத்துப்போட்டுக் கடலுக்குள்ள கையையோ விடப்போறியள்?"

"நாற்பத்துநாலு ஒட்டு எண்டு எண்ணிச் சொல்லிப்போட்டார், றோஸ். நாற்பது, பாலைவனத்தில அலைஞ்ச வருசம். நாலு, அழிவு கொண்டுவாற குதிரை. அலைச்சலும் அழிவும். பிள்ளை இருக்கிற வீடு. எனக்குப் பயமாக் கிடக்கு."

றோஸுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் போட்ட நாற்பத்துநாலு ஒட்டும் அவள் கைப்பட்ட உழைப்பு. அதைச் சாபம் என்று ஒருவன் சொல்ல, கட்டினவன் தலையாட்டுகிறானே! அன்று பின்னேரம் மீன் ஏற்ற வந்த கிண்ணியா வியாபாரி ஸெய்னுதீனிடம் போனாள். அவர் மூதூர், சம்பூர்க் கரைகளிலும் மீன் எடுக்கிறவர். "நானா, என்ர சிவப்பு நூல் போட்ட வலை எங்கையாவது கண்ணில பட்டால் சொல்லுங்கோ" என்றாள். "பாத்துச் சொல்றன் புள்ள" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. யோசேப்பின் வலைக்குக் கடைசி இழுப்பு. அது முடிந்ததும் தோணியில் ஏற்ற மச்சான் தயாராக நின்றான். உபதேசியார் கண்ணை மூடி, "நூற்றைம்பத்துமூன்று!" என்றார். வலை கரையேறியது. அப்போது றோஸ் ஒரு முழப் பூவரசந்தடியோடு முன்னால் வந்தாள்.

"உபதேசியார், இந்தத் தடிக்கு மேல எண்டால் பெரிய மீன், குறைஞ்சால் சின்னன். வலை மடியை அவிழ்க்க முதல் சரியெண்டு சொல்லுங்கோ."

"ஆண்டவருடைய மீனுக்கு அளவுகோலா, மகளே?"

"எண்ணலாமெண்டால் அளக்கவும் ஏலும்தானே? மீன் குறைஞ்ச நாளில உங்களுக்குச் சாளையும் பெரிய மீன். மலிஞ்ச நாளில முழப் பாரையும் சின்ன மீன். உங்கட குசினிக்குப் போன பாரையை நான் பாத்தனான்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மறுத்தால் மரியாதை போய்விடும் என்று உபதேசியார் தலையாட்டினார். பன்னிரண்டு பேரும் தடியை வைத்து அளந்து அளந்து எண்ணினார்கள். தொண்ணூற்றேழு.

சனமெல்லாம் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் உடனே விரல் மடக்கிக் கூட்டினார்.

"ஒன்பதும் ஏழும் பதினாறு. ஒன்றும் ஆறும் ஏழு. ஏழு நிறைவின் எண்! அல்லேலூயா!"

"அல்லேலூயா!" என்றது சனம். பிழை செய்தவனைச் சனமே தூக்கிவிட்டது.

றோஸ் கேட்டாள்: "தொண்ணூற்றெட்டு வந்திருந்தால்?"

"ஒன்பதும் எட்டும் பதினேழு. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டிப் பார், நூற்றைம்பத்துமூன்று!"

இக்னேசியஸ் மணலில் விரலால் எழுதிக் கூட்டினான். சரியாகத்தான் இருந்தது. கணக்குச் சரி, கணக்குப்பிள்ளைதான் பிழை.

"தொண்ணூற்றொன்பது?"

"மேய்ப்பன் விட்டுப்போன தொண்ணூற்றொன்பது ஆடு."

"நூறு?"

"நல்ல நிலத்தில் நூறு மடங்கு விளைச்சல்."

"அப்ப எந்த எண் வந்தால் நீங்கள் பிழையெண்டு ஒத்துக்கொள்ளுவியள்? அதை இப்பவே சொல்லுங்கோ. சொன்னால் வலை உங்களுக்கு."

உபதேசியார் வேதப்புத்தகத்தை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

"நான் சொல்லுறன்" என்றாள் றோஸ். "என்ர வலையில நாற்பத்துநாலு ஒட்டு. நாற்பது, ஆண்டவர் உபவாசம் இருந்த நாள். நாலு, சுவிசேஷம். இதைவிட ஆசீர்வாதமான வலை இந்தக் கரையில உண்டோ?"

யோசேப்பு தன் வலையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். இனி அவனையும் சேர்த்துத் தூக்கினால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்து ஸெய்னுதீனின் லொறி வந்து நின்றது. அவர் இறங்கி ஒரு வலைத்துண்டை மணலில் போட்டார். சிவப்பு நூல், இரட்டை முடிச்சு.

"சம்பூர்க் கரையில ஒருத்தர் புதுசா வாங்கின வலையெண்டு காயப்போட்டிருந்தார், புள்ள. விசயத்தச் சொல்லித்தான் இந்தத் துண்டைக் கேட்டு வாங்கினன். வித்தது இந்த உபதேசியாரும் மச்சானுமாம்."

"ஐயோ, இது என்ர வலை!" என்று கத்தினான் இக்னேசியஸ்.

"நாற்பது பாக ஆழத்துக்குப் போன வலை நனையாமல் சம்பூருக்குப் போயிருக்கு" என்றாள் றோஸ்.

மச்சான் ஏற்கெனவே தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். உபதேசியார் முழங்கால் தண்ணீர்வரை ஓடினார். பன்னிரண்டு பேரும் பிடித்துக் கரையேற்றிப் பொலிசில் ஒப்படைத்தார்கள். அன்றைக்கு எண்ணாமல் பிடித்த ஒரே பெரிய மீன் அதுதான். இரண்டு வலை திரும்பி வந்தது. மூன்றாவது வரவேயில்லை. யோசேப்பு அன்று பின்னேரமே வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனான்.

எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்றிரவு இக்னேசியஸின் தாய் மதலேனம்மா மகனுக்கு முன்னால் இருந்து விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த மனுசன் எங்கட கரையில எத்தனை நாள் இருந்தவர்?"

"முப்பத்தெட்டு நாளம்மா."

"வந்த நாளையும் போன நாளையும் சேரடா. நாற்பது! எனக்கு அப்பவே தெரியும், இது ஆண்டவர் விட்ட சோதனைதான்!"

அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் "ஓம், ஓம்" என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்றுக்கும் ஏழுக்கும் நாற்பதுக்கும் பொருள் தேடி அலைகிற நல்ல சனங்களே, ஆண்டவர் ஆளுக்குத் தலை ஒன்றுதான் தந்திருக்கிறார். அந்த ஒன்றுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை ஒருவராவது கேட்டீர்களா?