பெர்னார்ட் வளர்த்த கொசு

மனைவியைக் கொசுக்களிடமிருந்து மீட்டே தீருவது என்று சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங் பெர்னார்ட் தீர்மானம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து கடையில் தனியாகத் தோசை தின்றுகொண்டிருந்தார். எதிரே காலி நாற்காலி. அதற்கும் ஒரு வடை சொல்லலாமா என்று யோசித்தார். மனுஷன் அந்த அளவுக்குப் போயாச்சு.

அவர் மனைவி பிலோமினா கொசு ஆராய்ச்சி செய்பவள். மகள் பெதானி பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரு கால், ஆய்வுக்கூடத்தில் ஒரு கால் என்று நின்றவள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டது அவள்தான். அவள் விட்டுக்கொடுத்த மாநாடுகளுக்கெல்லாம் அவளுக்குக் கீழே இருந்தவர்கள் போய், அவளுக்கு மேலே வந்து உட்கார்ந்தார்கள். இப்போது பெதானி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படிக்கிறாள். ஐம்பது வயதுக்கு மேல் பிலோமினாவுக்குத் தனிக் குழு கிடைத்தது. இரண்டு காலையும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டாள். கொசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதாம்.

பெர்னார்ட் ரிட்டயர்டு ஆள். தனியா இருந்துப்பீங்களா என்று அவள் கேட்கும்போதெல்லாம், எனக்கென்னலா, நீ உன் வேலையப் பாரு என்று பெரிய மனசோடு வழியனுப்புவார். லிஃப்ட் கதவு மூடியதும் முகம் தொங்கிவிடும். டிவியைப் போடுவார், அணைப்பார். அந்த வீட்டு அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. அதை வாயைத் திறந்து சொல்லவும் தெரியவில்லை.

தோசையின் கடைசி விள்ளலில்தான் அந்த மகா யோசனை உதித்தது. கொசுவுக்காகத்தானே போகிறாள்? கொசுவே வீட்டுக்கு வந்துவிட்டால்?

சிங்கப்பூரில் புத்தியுள்ள எவனும் செய்யாத காரியத்தைச் செய்தார். வாசல் காரிடாரில் மணி பிளாண்ட் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். தேங்கிய தண்ணீரை அதிகாரி யாராவது வந்து பார்த்தால் அபராதம் தீட்டிவிடுவார். பெர்னார்ட் துணிந்துவிட்டார்.

ஆனால் கொசு வரவேண்டுமே. காலையும் மாலையும் குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். ரத்தம் கொடுக்கத் தயாராக ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், ஒரு சனியனும் எட்டிப் பார்க்கவில்லை. பல நாள் கழித்து ஒரு வழியாகத் தட்டில் ஏதோ நெளிந்தது. பெதானி முதல் வகுப்பில் பாஸான அன்றுகூட அவர் இவ்வளவு பூரிக்கவில்லை.

உடனே போன் போட்டார். "மினா, வாசல்ல கொசுப்புழு. எனக்குப் பயமா இருக்கு."

டாக்சி பிடித்து வந்துவிட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொட்டுக் குழாயால் புழுக்களை உறிஞ்சிக் குப்பியில் விட்டாள். பெர்னார்ட் தேநீர் போட்டுக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். புழு வாலால் மூச்சு விடும் என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, அது போதும்.

"தட்டை தினமும் துடைக்கிறீங்கதானே?"

"தினமும்."

அவள் புழுவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நல்லா வளர்ந்திருக்கு," என்றாள். செடியைச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் தலையாட்டினார்.

கிளம்பும்போது, வருகிற ஞாயிறு வீட்டிலேயே இருக்கிறேன், மட்டன் சமைங்க என்றாள். தேக்கா சந்தையில் நாகூர் கனி பாய் கடையில் வாங்கணும், கொஞ்சம் கூடவே வாங்கணும். அப்புறம் சொன்னாளே ஒன்று: புதுச் சட்டியில் சமைங்க.

புதுச் சட்டி! பெர்னார்ட் உருகிப் போனார். கல்யாணமான புதிதில் அவர்கள் வாங்கியதும் ஒரு சட்டிதான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறாள் போல என்று எண்ணிக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறிச் சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினார். ஒரு முழம் மல்லிகையும் வாங்கினார்.

ஞாயிறு வந்தது. இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தார். கதவு திறந்தது. பிலோமினாவுக்குப் பின்னால் ஐந்து பேர், பெட்டி பெட்டியாகக் கொசுப்பொறிகள். அந்த ஐவரில் முன்னால் நின்றது தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண்.

"சார், நான் ருக்சார். உங்க வீட்டுச் சட்டியில பன்னி சமைப்பீங்க, நான் சாப்பிட மாட்டேன்னு புதுச் சட்டி வாங்கச் சொன்னாங்களாம் மேடம். ரொம்ப தேங்க்ஸ்."

பெர்னார்ட் போய் இன்னும் ஐந்து தட்டு எடுத்துவந்தார்.

விஷயம் இதுதான். அடுக்குமாடி புளோக் முழுக்கப் பொறி வைத்துப் பார்க்க அங்கே ஒரு வீடு தேவைப்பட்டது. எவரும் இடம் தரவில்லை. பிலோமினா தன் வீட்டையே கொடுத்துவிட்டாள். இனி ஆறு மாதம், ஞாயிறுதோறும் இங்கேதான். சாப்பாட்டு மேசையில் மைக்ரோஸ்கோப் ஏறியது.

சாப்பிடும்போது ருக்சார், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்தவள், குடும்பத்தையும் இந்த வேலையையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க என்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா எனக்கும் தெரியலம்மா," என்றாள் பிலோமினா. "அன்னிக்கு புழு சைஸைப் பார்த்தேன். பல நாளா நின்ன தண்ணி. இவருக்கு வான்னு கூப்பிடத் தெரியாது, புழு வளர்த்துக் கூப்பிட்டிருக்காரு. அதான் ரெண்டையும் ஒரே வீட்டுல வச்சுட்டேன்."

மேசையே சிரித்தது. பெர்னார்டுக்குக் காது சுட்டது. ஆனால் பெரிய கறித்துண்டை அவள் அவர் தட்டில்தான் வைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மிளகாய் மேல் பழி போட்டார்.

சாயங்காலம், அன்று சேகரித்த கொசு முட்டைகளை ஆய்வுக்கூடத்தில் சேர்க்க எல்லாரும் கிளம்பினார்கள். அவளும்தான், தலையில் மல்லிகையோடு. வீடு பழையபடி அமைதியானது. சிங்க் நிறைய எச்சில் தட்டு.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"என்னங்க... ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்." குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"சொல்லு மினா." போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பாத்திரத்தை ஊறப் போட்டுராதீங்க. தண்ணி தேங்கிடும்."