ரெக்ஸ் தொரைக்கு ஒரு டிக்கட்

எனக்கு இன்றைக்கும் நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாது. நுனியில் ஒட்டிக்கொண்டு, யாராவது வந்தால் எழுந்துவிடத் தயாராக இருப்பேன். டாக்டரிடம் போனாலும் சரி, சொந்த மருமகன் வீட்டு சோபாவானாலும் சரி, இப்படித்தான். காரணம் மூலவியாதி இல்லை (கேட்பவர்கள் இருக்கிறார்கள்). ஒரு நாயோடு பிளேனில் போனதுதான் காரணம்.

அப்போது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் எனக்கு வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'பங்களாவில்' என்று மட்டும் சொல்லி மீசையைத் தடவிக்கொள்வேன். உண்மையில் நாயைக் குளிப்பாட்டும் வேலை. நாயின் பெயர் ரெக்ஸ். பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். சந்தைக் கூடைக்குள் அதைப் படுக்கவைத்தால் பக்கத்தில் ஒரு பூசணிக்காய்க்கும் இடமிருக்கும்.

ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. துரையைக் கண்டால் குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்து, மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்பது எங்கள் வழக்கம். துரை வேலையைப் பார்க்க மலைக்கு வந்தால் ரெக்ஸ்தான் முன்னால் ஓடிவரும். ஆகவே நாயைக் கண்டதுமே கானுக்குள் இறங்கிவிடுவோம். சில நாட்களில் துரை வரமாட்டார், நாய் மட்டும் காற்று வாங்க வந்திருக்கும். அதற்கும் ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் ஏறிவருவோம். பங்களாவில் சமையல் முதல் சகலத்தையும் பார்த்துக்கொண்ட அப்பு, அதை 'ரெக்ஸ் தொரை' என்றுதான் கூப்பிடுவார். துரையின் காரில் பின்சீட்டு முழுவதும் அதற்கு. கூடப் போகும் நான் காலடியில் குந்திக்கொள்வேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்தி என் முழங்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த வருடம் துரையின் மனைவி துரைசானிக்கு நெஞ்சில் சளி கட்டி, கடல்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லி, வடக்கே காங்கேசன்துறையில் தெரிந்தவர்கள் பங்களாவில் போய் இருந்தார். அங்கே துரைசானி நாயை நினைத்து அழுதார். இங்கே நாய் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நடுவில் துரை எங்கள்மேல் எரிந்து விழுந்தார். ரயிலில் அனுப்பலாம் என்றால் ரெக்ஸுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது, வழியெல்லாம் வாந்தி எடுக்கும். கடைசியில் பிளேனில் அனுப்புவது, கூட நான் போவது என்று முடிவாயிற்று.

எனக்கு அப்போது இருந்ததெல்லாம் ஒரே கவலை. மாமன் மகள் செல்லம்மாவை எனக்கென்று பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் கட்டி எங்கே குடியிருப்பது? வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பிமார், அண்ணன் குடும்பம் என்று எல்லோரும் ஒரே அறையில், ஒரே காம்பராவில், கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தோம் (வசதிக்காக அல்ல, இடமில்லாமல்). தனிக் காம்பரா இல்லாமல் மகளை அனுப்ப மாட்டேன் என்று மாமா முறுக்கிக்கொண்டு நின்றார். காம்பராவைத் துரைதான் கொடுக்க வேண்டும்.

அப்பு என்னை அடுப்பெரிந்த குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். "இந்தா பாருடா, ஓங் காம்பரா விசயத்த தொர காதுல போட்டு வச்சிருக்கேன். நாய நல்லபடியா கொண்டுபோயி சேத்தா தாறேன்னிருக்காரு. அதுக்கு ஏதும் கொற வந்துச்சு, காம்பராவும் இல்ல, கல்யாணமும் இல்ல!"

இரத்மலானை விமான நிலையத்தில் காரை நிறுத்திய டிரைவர் என் கையில் டிக்கட்டைக் கொடுத்தார். ஒன்றே ஒன்று. போவதோ இரண்டு பேர். அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிளேனில் எனக்கா டிக்கட் எடுப்பார்கள்?

உள்ளே ஏறினால் தரை ஏற்றமாக இருந்தது. அந்தக் காலத்துப் பிளேன் நிற்கும்போது வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அது எனக்குத் தெரியாது. நம் தோட்டத்துப் பாதை மாதிரியே போட்டிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். (கூரை இடித்தது. ரெக்ஸ் குரைத்தது.) பணிப்பெண் காட்டிய சீட்டில் ரெக்ஸ் தொரையை எடுத்து உட்காரவைத்தேன். சீட்டின் இரண்டு பக்கமும் வார் தொங்கியது. நாய்க்கு எவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறார்கள் என்று வியந்து, அதன் வயிற்றைச் சுற்றி மாட்டினேன். பிறகு நடைபாதையில் குந்திக்கொண்டேன்.

பக்கத்து ஜன்னல் சீட்டில் வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக யாழ்ப்பாணத்துச் சுருட்டு முதலாளி ஒருவர் இருந்தார்.

"தம்பி, நீர் ஏன் கீழை குந்திக்கொண்டு இருக்கிறீர்? நாயைக் கீழை விட்டிட்டு மேலை ஏறி இரும்."

"ஐயோ, வேணாங்க. நான் இப்புடியே இருந்துக்கிறேங்க."

"அப்ப எனக்குப் பக்கத்திலை நாயோ இருக்கப்போகுது?"

"கடிக்காதுங்க. காலையிலதான் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுனேங்க."

பணிப்பெண் வந்தாள். முதலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிறகு சிங்களத்தில், "பல்லா பிம தியன்ன. ஒயா வாடி வென்ன" என்றாள். நாயைத் தரையில் வை, நீ உட்கார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும், வார்த்தைக்கு வார்த்தை விளங்கியது. ஆனால் உலகத்தில் யாராவது அப்படிச் சொல்வார்களா? பாவம், யாருடைய நாய் என்று தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்து, "மேக்க லொக்கு மாத்தயாகே பல்லா, நோனா" என்றேன். இது பெரிய துரையின் நாயம்மா என்று. அவள் குழம்பிப்போய் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன்.

கடைசியில் அவளே நாயைத் தூக்கிக் கூடைக்குள் போட்டு, என் தோளை அமுக்கிச் சீட்டில் இருத்தி, வாரையும் மாட்டிவிட்டுப் போனாள். மெத்தைக்குள் உடம்பு புதைந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. நாயைக் கூடையில் அடைத்துவிட்டு அதன் சீட்டில் நான் சவாரி செய்தேன் என்று யாராவது துரைசானியிடம் வத்திவைத்தால் காம்பரா என்ன ஆவது? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வாரைக் கழற்றினேன். நாயும் நானும் பழையபடி இடம் மாறிக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்துப் பிளேன் ஓடத் தொடங்கியது. நான் மெச்சிக்கொண்ட ஏற்றம் என்னைப் பின்னோக்கி வழுக்கி அனுப்பியது. பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கையை வீசினேன். முதலாளியின் வேட்டி நுனி கிடைத்தது. முழு வேட்டியும் வராமல் அவர் மானத்தைக் காப்பாற்றியது அவர் மாட்டியிருந்த வார்தான். ஆனால் கிழிந்து வந்த துண்டும் சின்னத் துண்டு என்று சொல்ல முடியாது. அதைக் கையில் பிடித்தபடி வால்பக்கம் போய்ச் சேர்ந்தேன். வாரிலிருந்து நழுவிய ரெக்ஸும் என் பின்னாலேயே வந்து என் வயிற்றில் முட்டி நின்றது.

பிளேன் மேலே ஏறி நேரானதும், தொப்பி வைத்த விமானிகளில் ஒருவர் வெளியே வந்து என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார். மடியில் நாயோடு உட்கார்ந்தேன். ஆனால் தொப்பி வைத்தவர் நிற்கும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்தேன். "உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். அவர் நின்றார். எழுந்தேன். நான் எழுந்திருப்பதால் அவர் போகவில்லை. அவர் போகாததால் நான் எழுந்தேன். அவருடைய முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

"ஐசே, நீங்கள் போங்கோ! நீங்கள் போனால்தான் அவன் இருப்பான்!" என்று முதலாளி கத்தினார். அன்றைக்கு அந்தப் பிளேனில் விஷயம் விளங்கிய ஒரே மனிதர் அவர்தான்.

இறங்கியபோது துரைசானி வெயிலில் நின்றிருந்தார். நாய் பாய்ந்து போய் அவர் முகத்தை நக்கியது. பின்னாலேயே முதலாளி, கிழிந்த வேட்டியைக் கையால் மறைத்தபடி வந்து, நடந்ததையெல்லாம் இங்கிலீஷில் ஒப்பித்தார். காம்பரா போயிற்று என்று நான் தலையைக் குனிந்து நின்றேன். துரைசானி என்னையே பார்த்தார். அவர் முகத்திலும் குழப்பம்தான்.

"டிக்கட் உனக்கு மேன்," என்றார் தம் தோட்டத் தமிழில். "நாய்க்கு டிக்கட் இல்லே. நாய் கூடையிலே சும்மா வரும்."

"எனக்குங்களா?" என்றேன். பிறகு இன்னொரு தடவையும் கேட்டேன்.

நான் ரயிலில் திரும்பி வருவதற்குள் கதை டெலிபோனில் எனக்கு முந்தி வந்துவிட்டது. துரை அதைக் கிளப்பில் சொல்ல, அப்பு குசினியில் சொல்ல, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஆட்கள் எனக்கு வழிவிட்டுக் கானுக்குள் இறங்கி நின்று, "சலாங்க ரெக்ஸ் தொரை!" என்றார்கள். துரைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததாம். அந்தச் சிரிப்பிலேயே காம்பராவைக் கொடுத்துவிட்டாராம். எப்படிக் கிடைத்தால் என்ன, காம்பரா காம்பராதான்.

தோட்டமே சிரித்தபோது செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. புதுக் காம்பராவில் முதன்முதலாக அடுப்பு மூட்டியபோது கேட்டாள்: "ஏங்க, ஒரு டிக்கட்டு இருக்கு. ஒரு மனுசனும் ஒரு நாயும் போறாங்க. டிக்கட்டு மனுசனுக்குத்தான்னு ஒங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

தோன்றவில்லை என்றேன். அத்தனை பேர் சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. அவள் கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள்.

"எனக்கும் தோணியிருக்காதுங்க" என்றாள்.

பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் பிறந்து, எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். இன்றைக்கும் ஹட்டன் பஸ்ஸில் ஏறி, காலியாகக் கிடக்கும் சீட்டுக்குப் பக்கத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், செல்லம்மா என் முழங்கையில் இடிப்பாள். பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்:

"உக்காருங்க. டிக்கட்டு நமக்குத்தான்."