முழுமை பெறாத சுவர்

மனித குலம் ஆதி நாளிலிருந்தே விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில், எந்த விதியின்படி விழுந்தோம் என்பதை அன்று மாலையே சோபாவில் சாய்ந்தபடி அறிந்துகொள்ளும் பேறு நம் தலைமுறைக்குத்தான் வாய்த்தது. அந்தப் பேற்றை வாரம் ஐந்து நாள், மாலை ஆறு மணிக்கு, வீடு தேடி வந்து வழங்கியது 'விழுந்தது ஏன்?' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி.

அதன் விஞ்ஞான ஆலோசகர் விசை சார். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் விசையில் கொண்டுபோய் நிறுத்துவார் என்று மாணவர்கள் வைத்த பெயர் அது. இப்போது அதுவே திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. உண்மையில் அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தால் பதில் தயாராக இருக்கும். வேறு யாராக இருந்தாலும் முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நிகழ்ச்சித் தலைவிக்குத்தான் அந்த மௌனத்தின் அருமை தெரிந்தது.

"சார் யோசிக்கிற இடத்துல எல்லாம் தடதடன்னு ஒரு மியூசிக் போட்டுடுங்க. ஜனங்க நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றார் அவர். உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை எளிது. மாடிக்கு மாடி பைக்கில் தாவியவன் நடுவில் காணாமல் போவான். வெள்ளத்தில் பாலம் மடியும். கிரேன் தலைகுப்புறக் கவிழும். படம் நிற்கும். விசை சார் பேனாவால் திரையில் ஒரு சிவப்பு அம்பு போடுவார். தடதட. பிறகு, "இங்கதான் தப்பு நடந்துச்சு" என்பார். நாடே தலையாட்டும். தாவியவனின் அம்மா பார்த்தாலும் ஆட்டியிருப்பாள். அம்பு அவ்வளவு நேராக இருக்கும்.

வீட்டில் அவர் மனைவி தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னைக்கு என்ன விழுந்துச்சு?"

"தண்ணித் தொட்டி."

"யாருக்காவது அடியா?"

"அது நிகழ்ச்சியில வராது."

நேயர்கள் அனுப்பும் காணொளிகளை வகை பிரிக்க அலுவலகத்தில் நான்கு கோப்புகள் இருந்தன. 'விழுந்தவை', 'வெடித்தவை', 'அடித்துச் செல்லப்பட்டவை' ஆகிய மூன்றும் உயிருள்ள கோப்புகள். நான்காவது, 'முழுமை பெறாதவை'. எதுவுமே நடக்காத காணொளிகள் அதில் போய்ச் சேரும். அனுப்பியவருக்கு ஒரு கண்ணியமான பதிலும் தானாகவே போகும்: "தங்கள் காணொளி முழுமை பெறவில்லை. முழுமை பெற்றதும் மீண்டும் அனுப்பவும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

இந்தப் பதிலை ஒரே பெண்மணி ஒன்பது முறை வாங்கியிருந்தார்.

அவர் ஒரு தையற்காரம்மா. அவருடைய கடையை ஒட்டினாற்போல் ஒரு கிடங்கின் மதில் இருந்தது, இரண்டு ஆள் உயரம். கிடங்குக்காரர்கள் அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டிக் குவித்திருந்தார்கள். தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகள் அடைந்துபோய், மழைத்தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள்ளேயே ஊறி, சுவர் கடையின் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. தையற்காரம்மா தினமும் காலையில் அதைப் படம் பிடித்து அனுப்பினார். சும்மா அல்ல. நூலில் கத்தரிக்கோலைக் கட்டிச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டு, அடிச்சுவருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே அளவு நாடாவைப் பிடித்து, குரலில் சொல்வார்: "நேத்து நாலு அங்குலம். இன்னைக்கு நாலு அங்குலம் ரெண்டு நூல்."

ஒரு மதிய வேளையில், பேனாவுக்கு மை மாற்றுகிற இடைவெளியில் என்று சொல்ல ஆசை, ஆனால் அது மின்சாரப் பேனா. சார்ஜ் ஏறுகிற இடைவெளியில், விசை சார் நான்காவது கோப்பைத் திறந்தார். ஒன்பது காணொளிகளையும் பார்த்தார். ஒரு தாளில் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு கடைசிக் காணொளியின் முடிவில் இருந்த குரலை மறுபடி கேட்டார்.

"நகராட்சி ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். 'நீங்க என்ன இன்ஜினியரா? டி.வி.யில வர்றாரே, அவர் மாதிரி யாராவது சொல்லட்டும், வந்து இடிக்கிறோம்'னு சொல்லிட்டாங்க. கடையைக் காலி பண்ணலாம்னா நாலு மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க சார் போறது? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தை. விசை சாரிடம் கையிருப்பில் மிகவும் குறைவாக இருந்த பொருள் அதுதான். இருந்தும் அதை எடுத்துக்கொண்டு தலைவியின் அறைக்குப் போனார்.

"இந்தச் சுவர் விழுந்துடும்" என்றார்.

தலைவி காணொளியைப் பொறுமையாக முழுவதும் பார்த்தார். "இதுல விபத்து எங்க சார் இருக்கு?"

"இன்னும் நடக்கல."

"அப்ப?"

"நடக்கப்போகுது. நாலு நாள், மிஞ்சினா அஞ்சு நாள். நிகழ்ச்சியில சொன்னா இடிச்சுடுவாங்க."

தலைவி பேனாவை மூடி வைத்தார். பரிவோடுதான் பேசினார். "சார், நடந்ததைச் சொன்னா அது விஞ்ஞானம். நடக்கப்போறதைச் சொன்னா ஜோசியம். அதுக்குக் காலையில ஆறரைக்கு வேற ஒருத்தர் வர்றாரு. அவர் இடத்துல நாம கை வைக்கக் கூடாது."

விசை சார் யோசித்தார். அங்கே இசை போட ஆள் இல்லாததால் அது வெறும் மௌனமாகவே கிடந்தது. ஆனால் அதற்குள் தலைவியின் கண்கள் விரிந்துவிட்டன.

"அஞ்சு நாள்ல நிச்சயம் விழுமா?"

"நிச்சயம்."

"சார்! உலகத்துல எந்தச் சேனலும் விபத்துக்கு முன்னாடி போய் நின்னதில்ல. எல்லாரும் கை நடுங்க போன்ல எடுத்ததைத்தானே போட்டுக்கிட்டு இருக்கோம்? மூணு கேமரா, மூணு கோணம், ஸ்லோ மோஷன். நீங்க பக்கத்துல. இது விஞ்ஞானத்துக்குச் செய்யற சேவை சார்!"

அன்று மாலை மனைவி கேட்டார். "இன்னைக்கு என்ன விழுந்துச்சு?"

"இன்னும் விழல."

"அப்புறம் ஏன் மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

மனைவி முகம் கழுவிவிட்டு வந்தும் பதில் தயாராகவில்லை.

மறுநாளே குழு தெருவில் இறங்கியது. தையற்காரம்மாவுக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. "வந்துட்டீங்களா சார்! பத்து நாளா அனுப்பறேன். இனிமே கவலையில்ல" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விசை சார் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே நாலு நாள் போயின. ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு நாளும் யாராவது வந்து அவர் சட்டையில் மைக்கைச் சரிசெய்தார்கள்.

தையற்காரம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் அதிகாலையிலேயே எங்கிருந்தோ கனமான மரக்கட்டைகள் இரண்டைத் தூக்கிவந்து, சுவருக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் கேமராமேன் கேமராவை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மேடம், கட்டை ரெண்டும் விரிசலை மறைக்குது" என்றார் தலைவியிடம். "இன்னொண்ணு, ராத்திரி பெஞ்ச மழையில தரையெல்லாம் சேறு. ஸ்டாண்டு நிக்கமாட்டேங்குது. படம் ஆடும்."

பெரிய நிர்வாகிகளின் பெருமை இத்தகைய வேளைகளில்தான் துலங்கும். இரண்டு சிக்கலையும் தலைவி ஒரே ஏற்பாட்டில் தீர்த்தார். கட்டைகள் சுவரிலிருந்து எடுக்கப்பட்டன. தெருவின் எதிர்ப்பக்கம் முதல் கேமராவின் கால்களுக்கு அடியில் போடப்பட்டன. உள்ளே நாலு தையல் இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் இது யாருக்கும் கேட்கவில்லை. விசை சார் மட்டும் பக்கத்தில் நின்றார்.

"அந்தக் கட்டையை..." என்று தொடங்கினார்.

"என்ன சார்?"

விசை சார் யோசித்தார்.

"ஒண்ணுமில்ல."

சிறிது நேரத்தில், அறுந்த நூலைக் கோத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்த தையற்காரம்மா, கழுத்தில் நாடாவோடு வெளியே பாய்ந்தார். வேலை செய்துகொண்டிருந்த மூன்று பெண்களும், அக்கா யாரையோ அடிக்கப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"யாருய்யா என் கட்டையை எடுத்தது?"

"ஒரு பத்து நிமிஷம்மா. ஷாட் முடிஞ்சதும் அப்படியே வச்சுடறோம்."

"எது முடிஞ்சதும்?" தையற்காரம்மா தெருவைக் கடந்து வந்து, குனிந்து, கட்டையில் கை வைக்கப் போனார்.

கேமராமேன் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். "ஐயையோ, தொடாதம்மா! படம் ஆடிடும்!"

அப்போதுதான் சுவர் முழுமை பெற்றது.

கடை இருந்த இடத்தில் செங்கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. நாலு இயந்திரங்களும் அதற்கு அடியில். ஊரார் கொடுத்த துணிகளில் ஒரு சட்டைக் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தையற்காரம்மா நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார். பிறகு விசை சாரைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மௌனம் என்றால் என்ன எடை இருக்கும் என்பது அத்தனை வருஷத்தில் முதல்முறையாக விசை சாருக்குத் தெரிந்தது.

மாலை ஆறு மணி. நேரலை. முன்னோட்டத்தை மட்டுமே பதினெட்டு முறை போட்டிருந்தார்கள். சுவர் ஸ்லோ மோஷனில், ஒரு பூ விரிவதுபோல அவ்வளவு அழகாக விழுந்தது.

"துளை அடைஞ்சிருக்கிற இடத்துல அம்பு போடுங்க சார். இயற்கையின் சீற்றம்னு ஆரம்பிங்க" என்றது காதுக்குள் தலைவியின் குரல்.

விசை சார் யோசித்தார். தடதட. வழக்கத்தைவிட நீண்ட தடதட.

"மூணாவது கேமராவைப் போடுங்க" என்றார்.

மூன்றாவது கேமரா தெருமுனை மாடியிலிருந்து தெரு முழுவதையும் பிடித்திருந்தது. படம் நின்றது. சிவப்பு அம்பு சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கம் முதல் கேமராவின் காலடியில் போய் நின்றது.

"இங்கதான் தப்பு நடந்துச்சு" என்றார் விசை சார். வழக்கமாக அத்தோடு நிறுத்திவிடுவார். அன்று நிறுத்தவில்லை. "இந்த ரெண்டு கட்டையும் காலையில சுவத்துக்கு முட்டா இருந்துச்சு. விழும்னு அந்தம்மாவுக்குப் பதினஞ்சு நாளாத் தெரியும். எங்களுக்கு அஞ்சு நாளாத் தெரியும்." இன்னொரு அம்பு போட்டார். அது கேமராவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற ஒரு வழுக்கைத் தலையைக் காட்டியது. "இது நான்."

ஒளிபரப்பு அத்தோடு துண்டிக்கப்பட்டு விளம்பரம் வந்தது. விசை சாரின் இடத்துக்கு, சீக்கிரம் பேசுகிற வேறொருவர் வந்துவிட்டார். ஆனால் அந்தக் காட்சியின் தரத்தை விரோதிகள்கூட மறுக்கவில்லை. அவ்வருடத்தின் சிறந்த ஒளிப்பதிவுக்கான விருது அதற்குத்தான் கிடைத்தது. நியாயமான விருது. அன்று அந்தத் தெருவில் தரை அதிர்ந்தது, மூன்று வீடு தள்ளி ஜன்னல்கள் ஆடின, நாலு பெண்களின் கைகால் நடுங்கிற்று. படம் மட்டும் ஒரு நூல்கூட ஆடவில்லை.