இரண்டும் இடது கால்

ஆம்பூரில் பெண் எடுத்தவன் கடைக்குப் போய்க் காசு கொடுத்து ஷூ வாங்கினால், அது மாமனார் குடும்பத்துக்கே அவமானம். அங்கே வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியில் இருப்பார். "இன்னா சைஸு?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார். பத்து நாளில் டப்பா வந்துவிடும். இந்த ஊர் மரியாதையை நம்பித்தான் நான் கெட்டேன். நம்பியது தப்பில்லை. டப்பாவைத் திறந்து பார்க்காததுதான் தப்பு.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளம், புயல், தீ என்றால் ஓடிப்போய் அரிசியும் போர்வையும் கொடுக்கும் ஒரு நிவாரண அமைப்பில் நான் கொள்கைப் பிரிவின் தலைவன். அரிசி மூட்டை தூக்குகிறவர்கள் வேறு ஆட்கள். யாருக்கு நிவாரணம் போகவேண்டும் என்கிற விதிகளை மாற்றச் சொல்லி அறிக்கை எழுதுவதும், அதிகாரிகளைப் பார்த்துப் பேசுவதும்தான் என் வேலை. (ஜோலார்பேட்டையில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா இதை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மனு எழுதறான்.")

பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் நான் எழுதியது, வீட்டிலிருந்து ஷூ தைக்கும் கஸ்தூரி அக்காவின் தெருவுக்கான மனு. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய ஒரு தெரு. அங்கே பாதி வீடுகளில் பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பார்கள். கம்பெனியிலிருந்து ஏஜெண்டு வழியாகப் பீஸ், அதாவது வெட்டிய தோல் துண்டு, வரும். அதில் ஓட்டை போட்டிருக்கும். ஊசியும் தடித்த நூலுமாக ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்து இழுக்கவேண்டும். சீமைக்குக் கப்பல் ஏறும் ஷூக்களின் மூக்கில் வரிசையாக அழகாகத் தெரிகிறதே, அந்தத் தையல் இவர்களுடையது.

ஆறு நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. வேலை போனவர்களுக்கென்று ஒரு நிவாரணப் பட்டியல் எழுதினார்கள். குடியாத்தத்து நெசவாளிக்கு அட்டை இருந்தது, பேர் ஏறியது. கம்பெனிக்குள் வேலை செய்கிறவர்களிடம் அடையாள அட்டை இருந்தது, ஏறியது. இந்தப் பெண்களிடம் ஊசிதான் இருந்தது. 'தொழில்' என்ற கட்டத்தில் அத்தனை பேருக்கும் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டார்கள். இனி அடுத்த வெள்ளத்துக்கான விதிகளைத் திருத்தப்போகிறார்கள், அதற்கு முன் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மாவட்டத்துக்கே வந்து கருத்துக் கேட்கப்போகிறார் என்று தகவல் வந்தது. இதை விட்டால் வேறு கூட்டம் கிடையாது. கஸ்தூரி அக்காவின் தெரு அந்தப் பட்டியலுக்குள் போவதும் வெளியே நிற்பதும் அந்த ஒரு காலைப்பொழுதைப் பொறுத்தது.

நான் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை தயாரித்தேன். எட்டு இணைப்புகள். ஆறாவது இணைப்பு புகைப்படங்கள். அந்தப் புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெண்கள் வேலை செய்வதைப் படம் எடுக்க வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் தெருவே பளிச்சென்று இருக்கிறது. தோல் பீஸ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லோரும் பட்டுப்புடவையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"பீஸெல்லாம் எங்கேக்கா?"

"போட்டோ எடுக்க வர்றீங்கன்னு எல்லாத்தியும் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டோம் சார். தோல் நாத்தத்தோட வீட்ட எப்பிடி காட்றது?" என்றார் கஸ்தூரி அக்கா.

நேரம் இல்லாததால் அந்தப் படங்களையே இணைப்பு ஆறாக வைத்துவிட்டேன்.

கஸ்தூரி அக்காதான் அந்தத் தெருவின் சார்பில் பேசவேண்டியவர். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, பேச்சில் காரம் ஜாஸ்தி. அவருக்கு நான் மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்கவேண்டும், கண்ணை எங்கே வைக்கவேண்டும், மூன்று நிமிஷத்தில் எப்படி முடிக்கவேண்டும். (இருபது வருஷமாக ஏஜெண்டுகளோடு சண்டை போட்டவருக்கு நான் பேசக் கற்றுக்கொடுத்தேன் என்பதை இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.) அவர் எங்கே போனாலும் ஒரு கட்டைப்பை கூடவே போகும். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அதிலிருந்து பீஸை எடுத்துத் தைத்துக்கொண்டேதான் வருவார்.

"அக்கா, கூட்டத்துக்கு மட்டும் அந்தப் பை வேண்டாம்."

"ஏன் சார்? கை சும்மா இருந்தா எனக்குப் பேஜாராப் பூடும்."

"மேடம் முன்னாடி பையைத் தூக்கிட்டுப் போனா நல்லா இருக்காது. வெளியிலயே வச்சிடுங்க."

படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து என் மேலதிகாரி போன் செய்தார். "ஷூ போட்டுட்டுப் போங்க. ஆம்பூர்க்காரங்களுக்காகப் பேசப்போறீங்க, செருப்போட போய் நிக்காதீங்க." என்னிடம் இருந்த ஒரே ஜோடி வெள்ளச் சேற்றில் ஊறி வாய் பிளந்து கிடந்தது. என் மனைவி உடனே தன் தம்பிக்குப் போன் போட்டாள். மச்சான் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறான். "ஒன்பதாம் நம்பர்தானே, அக்கா? கழிச்சுப் போட்ட சாம்பிள் கெடக்கு. கேட்டு எடுத்தாறேன். புதுசு மாதிரி இருக்கும்."

மறுநாள் காலை மச்சானே கூட்டம் நடக்கும் அரங்கத்துக்கு பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். வழியெல்லாம் அறிக்கையின் முன்னுரையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் டப்பாவைக் கையில் கொடுத்தான். என் ரப்பர் செருப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "ஷிப்டுக்கு லேட்டாச்சு மாமா, வர்றேன்" என்று போயே போய்விட்டான்.

எதிரே இருந்த மதகுக் கட்டையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். கறுப்பு லோஃபர். முடிபோடும் கயிறு இல்லாமல் அப்படியே மாட்டிக்கொள்கிற வகை. கண்ணாடிபோல் மின்னியது. இடது கால் வெண்ணெயாக உள்ளே போனது. வலது கால் போகவில்லை. புது ஷூ என்றால் முதலில் கடிக்கத்தான் செய்யும் என்று என்னைத் தேற்றிக்கொண்டு ஒரு மிதி மிதித்தேன். சுண்டுவிரல் கதறியது. எழுந்து நின்று பார்த்தபோது என் இரண்டு பாதங்களும் சேர்ந்து ஒரே பக்கமாக, பஸ் வருகிறதா என்று பார்ப்பவை மாதிரி திரும்பியிருந்தன.

மச்சானுக்குப் போன் செய்தேன்.

"டேய், ரெண்டும் இடது காலுடா."

"ஐயய்யோ மாமா. சாம்பிள்னா ஒரு காலுக்குத்தான் போடுவாங்க. அவசரத்துல மறந்துட்டேன். சமாளிச்சுக்கோங்க."

வெறுங்காலோடு போவதா, இரண்டு இடது காலோடு போவதா? என் கௌரவம் ஷூவின் பக்கம் சாய்ந்தது.

அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கிறவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கஸ்தூரி அக்கா பக்கத்து நாற்காலியில். கையில் பை இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம் உள்ள ஒரு மேடம். என் அறிக்கையைப் புரட்டினார்.

"ஷூ தைக்கறதெல்லாம் இப்ப ஃபேக்டரியில மெஷின்லதானே? வீட்டில தைக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எந்தக் கம்பெனியும் அப்படிச் சொல்லலையே."

"ஆதாரம் இருக்கு மேடம். இணைப்பு ஆறு."

மேடம் இணைப்பு ஆறைப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். "இது யார் வீட்டுக் கல்யாணம்?"

அரங்கத்தில் பின்வரிசை சிரித்தது. என் காது சுட்டது. திரையில் காட்டி விளக்குகிறேன் என்று எழுந்தேன். அந்த இடத்தில் நான் எழுந்திருக்கக் கூடாது. மனம் திரையை நோக்கிப் போனது. கால் சன்னலை நோக்கிப் போனது. நான்காவது அடியில் வலது கால், இடது காலின் முன்னால் வந்து குறுக்கே நின்றது. கீழே ப்ரொஜெக்டரின் ஒயர் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானை அளவுக்குக் கம்பீரமாக விழவில்லை. ஒயரோடு ப்ரொஜெக்டர் அணைந்தது, நாற்பத்திரண்டு பக்கமும் மின்விசிறிக் காற்றில் பறந்தது, வலது கால் ஷூ காலை விட்டுக் கழன்று, பளபளக்கும் தரையில் சறுக்கிக்கொண்டே போய் மேடத்தின் மேஜைக்குக் கீழே நின்றது.

அந்தத் தெருவையே கெடுத்துவிட்டோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கண்ணில் தண்ணீர்.

கஸ்தூரி அக்கா எழுந்து போனார். குனிந்து ஷூவை எடுத்தார். என் சுண்டுவிரல் முட்டி முட்டி, முன்பக்கத் தையலில் ஏழெட்டு விட்டுப்போயிருந்தது. புரட்டிப் பார்த்தார், விரலால் தடவினார். கையில் மைக் இருந்தது. (பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.)

"மேடம், இது கைத்தையல். எங்க தெரு வேலை மாதிரிதான் இருக்கு. ஆனா என்னுது இல்ல. நான் இந்தப் பக்கம் முடிச்சு போட மாட்டேன்." அப்புறம் என் காலைப் பார்த்தார். "இன்னா சார் இது? அதுவும் லெஃப்டு. இதுவும் லெஃப்டு."

மைக் அதை அரங்கத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. அவர்கள் சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "கைத்தையல்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு நிமிசம் மேடம். பை வெளிய கீது. சார்தான் உள்ள எடுத்தார வாணான்னாரு."

எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா பையோடு வந்தார். விரலில் துணியைச் சுற்றினார். நூலைக் கோத்தார். பேச்சை விடாமல், ஊசியைப் பார்க்காமல், ஏழெட்டுத் தையலையும் போட்டு இழுத்து முடிச்சிட்டார். பிறகு பையிலிருந்து பாதி தைத்த பீஸ்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஒன்றை எடுத்துத் தானும் ஒரு ஓட்டையில் கோத்து இழுத்துப் பார்த்தார். நூல் அசையவில்லை.

"வெள்ளம் வந்தப்ப என்ன பண்ணீங்க?"

"பைய தூக்கினு பரண் மேல ஏறிட்டேன் மேடம். அரிசி நனைஞ்சா காய வெச்சுக்கலாம். பீஸ் நனைஞ்சா அடுத்த பீஸ் குடுக்க மாட்டாங்க. ரெண்டு நாள் அங்கயே. தண்ணி வடிஞ்ச அப்புறம் லிஸ்டு எழுத வந்தாங்க. இன்னா வேலைன்னு யாரும் கேக்கல. ஊசி கையிலதான் இருந்திச்சு. இல்லத்தரசின்னு எழுதிக்கினு போய்ட்டாங்க."

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான் சொல்லிக்கொடுத்த ஒரு வரியும் அதில் இல்லை. மேடம் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம் ஷூவை நீட்டி, "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க" என்றார்.

சில மாதம் கழித்துப் புதிய விதிகள் வந்தன. என் நாற்பத்திரண்டு பக்கத்திலிருந்து ஒரு வரிகூட அதில் இல்லை. ஆனால் தொழில்களின் வரிசையில் 'வீட்டிலிருந்து காலணி தைப்போர்' என்று இருந்தது. இந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்று எல்லா மாநிலக் கிளைகளுக்கும் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார் மேலதிகாரி. எழுதினேன். ஷூவைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

வீட்டில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. மச்சான் பரிகாரமாக ஒரு வலது கால் ஷூ செய்து கொண்டுவந்தான். மூக்குத் தையல் கஸ்தூரி அக்காவுடையது, முடிச்சு சரியான பக்கத்தில் இருக்கிறது. ஆக என்னிடம் இப்போது மூன்று ஷூக்கள். மிச்சமான அந்த இடது கால், ஆம்பூரில் மாமனார் வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் எடுத்துக் காட்டி, "மாப்பிள்ள இதப் போட்டுக்கினுதான் கெவுர்மென்ட்ட மாத்துனாரு" என்கிறார். நான் கூட்டத்துக்குக் கிளம்பினால் என் மனைவி வாசற்படியில் நின்று, "ரெண்டு காலையும் காட்டுங்க" என்று பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள்.

போன மழையில் மறுபடியும் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நான் வேறு ஒரு கூட்டத்துக்குள் நுழைகிற நேரம், கஸ்தூரி அக்காவிடமிருந்து போன்.

"சார், லிஸ்டு எழுதினு போனாங்க. தொழில்ன்ற எடத்துல காலணி தைப்பவர்னு போட்டாங்க. ரெண்டு தடவ படிச்சுக் காட்டச் சொன்னேன்." பிறகு கேட்டார்: "நீங்க எங்க, கூட்டத்துக்கா? கீழ பாத்துக்கினீங்களா சார்?"

நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.