ஒயரை நம்பாத மீட்டர்

பட்டாபிராமுக்குக் குடிவந்தவர்களில் நாங்கள் ‘மீட்டர்’ என்று கூப்பிட்டவனைப் போலத் தொல்லை பிடித்தவன் வேறு எவனும் கிடையாது. மனிதர்கள் எல்லோரையும் நம்புவான். சார்ஜர் ஒயரை மட்டும் நம்ப மாட்டான்.

ஐ.டி. வேலையில் இருந்த நாங்கள், அவனையும் சேர்த்து நாலு பேர், ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவன் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் எப்போதும் இருக்கும். சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் சொருகினால் எவ்வளவு கரன்ட் போகிறது என்று எண் காட்டும். அதோடு ஒரு பச்சை அட்டை. ஒயரின் இரண்டு முனைகளையும் அதில் மாட்டினால், உள்ளே எந்தக் கம்பி வேலை செய்கிறதோ அதற்கு மட்டும் விளக்கு எரியும். தேறாத ஒயரைக் கத்தரியால் நறுக்கிவிடுவான். யாருடையது என்று கேட்பதெல்லாம் கிடையாது.

“டேய், அது என் ஒயருடா!” என்று ஒருநாள் கத்தினேன்.

“முழுசா குப்பையில போட்டா இன்னொருத்தன் எடுத்து ஏமாறுவான்டா.”

ரயிலில் ஒயர் விற்பவர் இவனைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு ஓடுவார். “நைனா, ஊட்ல கொயந்த குட்டி கீது, வுட்ரு!” என்று கும்பிட்டே விட்டார்.

எனக்குப் பூந்தமல்லியில் பெண் பார்க்கப் போனபோது இவனையும் கூட்டிப் போனது என் தலைவிதி. பஜ்ஜி வந்தது. பெண் வருவதற்குள் இவன் எழுந்துபோய், மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனின் சார்ஜரில் மீட்டரைச் சொருகிவிட்டான். “சார், இது ஒயரே இல்ல. துணி காயப்போடலாம்” என்றான் பெண்ணின் அப்பாவிடம். சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

எங்களுக்குச் சமைத்தவர் நெமிலிச்சேரி காஞ்சனாக்கா. மகன் துபாயில் எலெக்ட்ரீஷியன். ஒரு சாயங்காலம் அக்கா அடுப்படியில் நின்று அழுதார்.

“இன்னாத்த சொல்றது தம்பி. அங்க ஒரு பொண்ண பாத்துக்கீறான், கட்டிக்கவான்னு வீடியோ கால்ல கேக்குறான். நான் பதில் சொல்ல வாயத் தொறந்தா போனு அணைஞ்சு பூடுது. நான்தான் கோவத்துல கட் பண்றேன்னு நெனைச்சிக்கினான். திருப்பி அடிச்சா எடுக்க மாட்றான். மெசேஜ் போட்டுக்கீறான், இன்னிக்கு ஒரு தபா பண்றானாம், அதுக்கப்புறம் பேசவே மாட்டானாம்.”

“சார்ஜ் போட்டுக்கிட்டே பேச வேண்டியதுதானே?” என்றேன்.

“போட்டுக்கினுதான் பேசுறேன்!”

மீட்டர் கையை நீட்டினான். அக்கா வெள்ளை ஒயர் ஒன்றைக் கொடுத்தார். சொருகிப் பார்த்தான். எண் ஏறவே இல்லை. வீடியோ காலுக்குப் போன் தின்கிற கரன்டில் கால்வாசிகூட அதில் வரவில்லை. அட்டையில் மாட்டினான். பாட்டு, படம் ஏற்றுகிற டேட்டா கம்பிக்கான விளக்கும் எரியவில்லை. கத்தரியை எடுத்துவிட்டான்.

“பத்ரம் தம்பி” என்றார் அக்கா. “எம்புள்ள மொத சம்பளத்துல வாங்கி அனுப்புனது.”

மீட்டர் கத்தரியை வைத்துவிட்டான்.

“நல்ல ஒயருக்கா இது. பாட்டு ஏத்துறதுக்கு. இதுல சார்ஜ் போடக் கூடாது, பெட்டியில பத்திரமா வைங்க” என்றான். அந்த ஒயரில் ஒரு பாட்டும் ஏறாது என்று எனக்குத் தெரியும். எங்களைத் தொடவே விடாத தன் தடித்த ஒயரை எடுத்து, நடுவில் மீட்டரையும் சொருகி, அக்காவின் போனில் மாட்டினான்.

கொஞ்ச நேரத்தில் கால் வந்தது. அக்கா அழுதார், திட்டினார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். மீட்டர் மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் அணையவில்லை.

“டேய் சோமாறி, நானாடா கட் பண்ணேன்? போனுடா! அத்த வுடு. பொண்ணு பேரு இன்னா, அத்த சொல்லு மொதல்ல!”

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டோம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு அப்பளம்தான். என்னுடையதை எடுத்து மீட்டர் தட்டில் போட்டேன். அதையும் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றான், கழுதை.